அத்தா பார்த்த இரண்டாவது பிறை

கண்ணாடிக் கடையின் இருட்டறையில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். நம் வயதுக்கு அது தப்பாது. கனமான இரும்புச் சட்டத்தை மூக்கின்மேல் மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று கேட்பார்கள். கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருமுனைக் கடையில் போன மாதம் என்னையும் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்றான் அந்தப் பையன்.

தூங்கவில்லை. நான் எப்போதுமே வாய் திறக்கத் தயங்குகிறவள்தான். ஆனால் இந்தக் கேள்விக்குத் தயங்கத் தனிக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஒருமுறை "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று உண்மையைச் சொன்னேன். அதற்கு எங்கள் வீட்டு மாடிப்படியில் நான் ஏறவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். அந்தத் தை மாதத்திலிருந்து நோன்புப் பெருநாள் வரைக்குமான காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது என் அத்தாவின், என் அப்பாவின், கண்களைப் பற்றிய கதை.

எங்கள் வீடு செங்கல்பட்டில், பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. அத்தா வேன் ஓட்டினார். வார நாட்களில் அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்துக்கு வேலை ஆட்களை ஏற்றிப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவார். வேனுக்குள் டீசலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் அத்தரும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அத்தா கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். மணல் காற்று முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு கை முட்டியாலும் கண்ணைக் கசக்குவார். சும்மா இல்லை, சப்பாத்தி மாவு பிசைவதைப் போல அழுத்தி, வட்ட வட்டமாக.

"கசக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்பார் அம்மா.

"மணலுடி. நீ வந்து ஒரு நாள் ஓட்டிப் பாரு, தெரியும்."

ஆனால் அத்தாவின் பெருமை வேன் அல்ல, பிறை. நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பெருநாள் பிறையை இரண்டு பேராவது வெறுங்கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்லவேண்டும். இப்போதெல்லாம் கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது. அந்த நாளில் எங்கள் பள்ளிவாசலில், "வேன்காரர் பாத்தாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பிறை பார்க்க மாமல்லபுரம் போவார்கள். கடற்கரைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கடல் கிழக்கே இருக்கிறது, பிறையோ மேற்கே. கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாறைமேல் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். எதிரே பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் வயலும் பனையும், கடைசியில் நீலமாகத் திருக்கழுக்குன்றத்து மலை. ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஆட்கள் மட்டும் ஒன்றுமில்லாத மேற்கு வானத்தை முறைத்துக்கொண்டிருப்பார்கள். வேனில் இடம் இருந்தால் என்னையும் கூட்டிப்போவார் அத்தா. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தூக்குவாளியில் கஞ்சியும் என் மடியில் இருக்கும்.

நான் சொல்லப்போகும் காலத்துக்கு முந்தைய வருடம்தான் அந்தக் கூத்து நடந்தது. பாறையிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பள்ளிவாசல் முத்தவல்லி தனித்தனியாக அழைத்து விசாரித்தார். அவர்தான் பள்ளிவாசலின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர். பிறை எந்தப் பக்கம் இருந்தது, கொம்புகள் எங்கே பார்த்திருந்தன என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். பதில்கள் ஒத்துப்போனால்தான் சாட்சி. அத்தா தன் முறை வந்தபோது, ஒளிக்காமல் சொன்னார்.

"ரெண்டா தெரிஞ்சிச்சு. மேல ஒண்ணு பளிச்னு. கீழயே இன்னொண்ணு, வால் மாதிரி, மங்கலா."

வாசலில் நின்ற என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "இன்னா மச்சான், ஒண்ணு பெருநாளுக்கு, ஒண்ணு பிரியாணிக்கா?"

பள்ளிவாசல் முற்றமே சிரித்தது. முத்தவல்லி மட்டும் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு பேரின் சாட்சியை ஏற்றுக்கொண்டு, அத்தாவின் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். அந்தத் தட்டல்தான் அத்தாவை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். மறுநாள் புதுக் கைலி கட்டித் தொழுகைக்குப் போனவரை வழியில், "பாய், இன்னிக்கு எத்தினி சூரியன்?" என்று கேட்டார்கள். அதன்பின் பல மாதம் அது ஊர் வேடிக்கையாக இருந்தது.

"நான் பொய் சொல்லல. பாத்ததத்தான் சொன்னேன்" என்று அத்தா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பொய்னு யார் சொன்னது? ஒருவாட்டி கண் டாக்டர்கிட்ட..."

"என் கண்ணுக்கு இன்னா? படாளம் ரோட்டுல இருட்டுல மாடு படுத்துகினு இருந்தாகூட எனக்குத் தெரியும்."

அதற்குமேல் அம்மா பேசமாட்டார்.

தொலைநோக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தத் தை மாதத்தில். அணுபுரத்தில் பிட்டர் வேலை பார்த்த ஒருவர் அதைச் செய்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய, சத்தமாகப் பேசுகிற, உயரமான மனிதர். அத்தாவின் வேனில் முன்சீட்டு அவருக்கு. இரண்டு பேரும் வழியெல்லாம் அரசியல் பேசி, சண்டை போட்டு, ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிக்கிறவர்கள்.

"இத வச்சிக்கோ பாய்" என்றார் அவர். "அடுத்த பிறைக்கு மொதல்ல இதுல இடத்தப் புடி. அப்புறம் வெறுங்கண்ணால பாத்துட்டு சாட்சி சொல்லு. எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்."

அது என் உயரத்துக்கு இருந்தது. தகரத்தைச் சுருட்டிச் செய்த குழாய், உள்ளே கறுப்புப் பெயின்ட். அடியில் சோற்றுத்தட்டு அளவில் குழிந்த கண்ணாடி. அதைப் பிட்டரே மாதக்கணக்கில் தேய்த்துச் செய்திருந்தார். அதன் முதுகில் மூன்று திருகாணிகள். குழாயின் வாய்ப்பக்கம் நான்கு மெல்லிய தகடுகள் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கீழிருந்து திரும்பி வரும் வெளிச்சம் அதில் மடங்கிப் பக்கவாட்டில் உள்ள துளைக்கு வரும். அந்தத் துளையில், பழைய பைனாகுலரிலிருந்து கழற்றிய ஒரு வில்லை. பெயின்ட் வாசனை போகாத அந்தக் குழாயின் வாயில் எட்டி, தகடுகளின் இடுக்கில் என் முகம் பெரிதாகத் தெரிவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய விளையாட்டு.

முதல் நாள் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பிறகு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார்கள். தெற்கே பளீரென்று இருந்த ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தார் பிட்டர். அத்தா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வால் கீது."

பிட்டர் பார்த்தார். "ஆமா. வால் கீது."

மாமாவும் பார்த்தார். அவருக்கும் வால் இருந்தது. எனக்கும் காட்டினார்கள். வெள்ளைப் புள்ளி ஒரு பக்கம் இழுத்துப் பூசினதுபோல இருந்தது.

அத்தாவின் முகம் அன்றைக்கு மலர்ந்ததை நான் மறக்கவில்லை. தனக்குத் தெரிவது மற்றவர்களுக்கும் தெரிகிறதே! "பாத்தியா? பாத்தியா?" என்று மாமாவின் முதுகில் ஓங்கி அடித்தார். அந்த ஒரு மாலைதான் அந்தக் குழாய் அவருக்கு நல்லது செய்தது.

"வேன்ல குலுங்கி வந்திச்சில்ல, கண்ணாடி நேர் தவறிடுச்சு" என்றார் பிட்டர். மறுநாள் பகலில் அதைச் சரிசெய்தார்கள். போட்டோ பிலிம் வருகிற சின்ன டப்பாவின் அடியில் ஊசித்துளை போட்டு, வில்லையைக் கழற்றிவிட்டு அங்கே செருகினார். துளை வழியாகப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். எல்லாம் ஒரே நடுவில் நிற்கவேண்டும். நடுவில் நிற்கவில்லை. அத்தா கீழே உட்கார்ந்து திருகாணியைத் திருக, பிட்டர் டப்பாவில் கண் வைத்துக் கத்துவார்.

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். யோவ் பாய், இது லாரி ஜாக்கி இல்ல!"

"நீ மேல நின்னுகினு அதிகாரம் பண்ணாத. கீழ வந்து திருகிப் பாரு."

சாயங்காலம் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். வில்லையைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் புள்ளி விரிந்து, குளத்தில் கல் போட்டதுபோல வளையங்களாகும். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டு சரியாக நடுவில் இருந்தால் கண்ணாடிகள் நேராக இருக்கின்றன என்று அர்த்தம். நடுவில்தான் இருந்தது. பிட்டர் கைதட்டினார். மறுபடி வில்லையை உள்ளே தள்ளி, "இப்பப் பாரு பாய்" என்றார்.

அத்தா வெகுநேரம் பார்த்தார். "வால் கீது" என்றார்.

மாமா பார்த்தார். "வால் இல்ல மச்சான். ஆனா பூ மாதிரி நாலு கதிர் கீது."

"நாலு தகடு குறுக்க கீதுல்ல, அதால நாலு கதிர் வரும். அது இருக்கட்டும், அது கோளாறு இல்ல" என்றார் பிட்டர். "ஒனக்கு நாலு கதிரா தெரியுதா பாய்?"

"நாலும் கீது. கீழ வாலும் கீது."

இப்படித்தான் அந்தக் காலம் முழுக்கப் போயிற்று. வாரத்துக்கு ஒரு மாலை பிட்டர் வருவார், ஏதாவது ஒன்றைச் சரிசெய்வார். ஒருநாள் கண்ணாடியைப் பிடித்திருந்த கொக்கிகள் இறுக்கமாக இருக்கின்றன, அதனால் புள்ளி முக்கோணமாகிறது என்று தளர்த்தினார். இன்னொரு நாள், வெயிலில் காய்ந்த தகரத்துக்குள் சூடு அலையடிக்கிறது, முன்னாலேயே வெளியே வைத்து ஆறவிடணும் என்றார். அம்மா அதற்காக மத்தியானத்திலேயே மாடி முழுவதும் தண்ணீர் தெளித்துவைப்பார். ஈரத் தரையின் வாசனையும், மாமா வாங்கிவரும் சூடான வேர்க்கடலையும், பள்ளிவாசல் புறாக்கள் அடங்குகிற சத்தமும் சேர்ந்து அந்த மாலைகள் எனக்குத் திருவிழா போல இருந்தன. ஒவ்வொரு தடவையும் எங்களுக்குப் படம் இன்னும் தெளிவாகும். அத்தாவுக்கு மட்டும் வால் போகாது. வேடிக்கை போகப் போகக் குறைந்தது. மாமாகூடக் கேலியை நிறுத்திவிட்டார். அதுவே அத்தாவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தா பிட்டரிடம் சொன்னார். நான் கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு இன்னா கீது பிட்டரே? சொத்தா, சுகமா? ரெண்டு கண்ணு கீது. அத வச்சிதான் வண்டி ஓடுது. அத வச்சிதான் பள்ளிவாசல்ல நாலு பேருக்கு முன்னால நிக்கிறேன். இந்த வருசம் நான் சொல்ற பிறைய அவங்க எடுத்துக்கணும். அவ்ளோதான்."

பிட்டர், "எடுத்துப்பாங்க பாய். நான் ஆச்சு" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வாக்குதான் பிறகு அவர் வாயைக் கட்டியது.

நோன்பு மாதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்புதான் அந்த மாலை வந்தது. பிட்டர் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். நட்சத்திரத்தைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, "வால் எந்தப் பக்கம் பாய்?" என்றார்.

"கீழ."

பிட்டர் குழாயை அதன் மரத் தொட்டிலில் வைத்தபடியே அரைக்கால் சுற்றுச் சுழற்றினார். மறுபடி நட்சத்திரத்தைப் பிடித்தார். "இப்ப?"

"நாலு கதிரும் சாஞ்சிடுச்சு. வால் அப்படியே கீழதான் கீது."

பிட்டர் அத்தாவின் பக்கத்தில் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கண்ண எடுக்காத பாய். தலைய மட்டும் தோள் பக்கம் சாய்ச்சிப் பாரு. வால் இன்னா பண்ணுது?"

அத்தா தலையைச் சாய்த்தார். "அதுவும் கூடவே சாயுது."

குழாயில் கோளாறு என்றால் குழாயைச் சுற்றும்போது வாலும் சுற்றவேண்டும். தலையோடு சாய்ந்தால் கோளாறு பார்க்கிறவர் கண்ணில். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பிட்டருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவர் தன் துண்டால் வில்லையைத் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இடையில் புகுந்து குனிந்து பார்த்தேன். சின்ன, சுத்தமான, குத்தூசி முனைபோல ஒரு புள்ளி. நான்கு மெல்லிய கதிர்கள். அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் எதையும் பார்த்ததில்லை.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது அத்தா. வாலே இல்ல" என்றேன்.

"பாப்பாவுக்குப் பாக்கத் தெரியல" என்றார் பிட்டர், சட்டென்று. "கண்ணாடிதான் பாய். நான் தேய்ச்சதுல எங்கியோ பள்ளம் விழுந்துகீது. வூட்டுக்கு எடுத்துனு போயி மறுபடி தேய்ச்சிக் கொண்டாறேன்."

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ மத்தியானத்துல இங்க வந்து திருகாணியத் திருகினியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். நான் எப்போதும் அந்தக் குழாயையே சுற்றிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். அத்தா நம்பவில்லை. "இனிமே மாடிப் பக்கம் வந்தா கால உடைச்சிடுவேன்" என்றார். அதுவரை என்னை அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அந்த ராத்திரி சாப்பாட்டின்போது பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

பிட்டர் என்னைப் பொய்யாக்கிவிட்டார் என்று பல வருடம் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவரிடம் நியாயம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துப்போனார். பதினைந்து இருபது நாள் கழித்து, அதே கண்ணாடியை, பழையபடியே கொண்டுவந்து பொருத்தினார். "தேய்ச்சிட்டேன், இப்ப கொஞ்சம் பரவால்ல பாரு" என்றார். அத்தாவும், "ஆமா, கொஞ்சம் பரவால்ல" என்றார். ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டார்களா, அல்லது அத்தா உண்மையிலேயே அப்படி நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. பெருநாள் முடியட்டும், ஒரே ஒரு பெருநாள் அவன் தலைநிமிர்ந்து நிற்கட்டும், அதன்பிறகு நானே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று பிட்டர் நினைத்திருந்தாராம். இதை அம்மாவிடம் அவரே பிற்பாடு சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி, உள்ளே வராமல் சொன்னார்.

அம்மா, "நீங்க நல்லதுதான் நெனச்சீங்க அண்ணா" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கும் முன்பே தெரியும். அத்தா தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போது கை ஒரு விரல் தள்ளிப்போவதை அவர் பார்த்திருந்தார். சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார். இப்படி அன்பு வைத்த எல்லோரும் சேர்ந்து அத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிற்பாடு மெட்ராஸில் கண் டாக்டர் படம் வரைந்து காட்டினார். கண்ணின் கறுப்புக்கு மேலே இருக்கும் தெளிவான தோல் கிண்ணம்போல உருண்டையாக இருக்கவேண்டும். அத்தாவுக்கு அது மெலிந்து கூம்பு மாதிரி பிதுங்கிக்கொண்டு வந்திருந்தது. கசக்கக் கசக்க அதிகமாகும். முன்கூட்டியே வந்திருந்தால் கண்ணில் ஒட்டுகிற கண்ணாடி போட்டு ஓட்டியிருக்கலாம் என்றார். கோடை நடுவில் வலது கண்ணில் அந்தத் தோல் உள்ளே கிழிந்து நீர் கோத்து, தழும்பு விழுந்திருந்தது. ஆறு மாதம், ஏழு மாதம். அந்த மாதங்களில்தான் நாங்கள் மாடியில் தண்ணீர் தெளித்து, கடலை தின்று, கண்ணாடிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். வேன் ஓடிக்கொண்டிருந்தது. அதில் தினமும் ஆட்கள் ஏறினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் எனக்கு வரும்.

டாக்டரிடம் போனது பெருநாளுக்குப் பிறகு. அதற்கு முன் அந்த இருபத்தொன்பதாம் நாள் மாலையைச் சொல்லவேண்டும்.

அன்று வேனில் முத்தவல்லியே வந்திருந்தார். போன வருடத்து அவமானத்தைத் தானே துடைத்துவிடவேண்டும் என்று அந்தப் பெரியவர் நினைத்திருக்கவேண்டும். மாமா, டீக்கடை வைத்திருந்த பாய், இன்னும் இரண்டு பேர், கஞ்சி வாளியோடு நான். பிட்டர் அணுபுரத்திலிருந்து நேராக வந்துவிட்டார். தொலைநோக்கியைப் பாறைமேல் ஏற்றினார்கள். சூரியன் இறங்கியதும் பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தார்கள். பின்னால் கடல் இரைந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிட்டர்தான் முதலில் பிடித்தார். "தோ!" என்றார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து, வெறுங்கண்ணால் அந்த இடத்தைத் தேடினார்கள். "இருக்கு, இருக்கு! அந்தப் பனைக்கு மேல!" என்று மாமா குதித்தார். டீக்கடை பாயும் பார்த்துவிட்டார். எனக்கும் தெரிந்தது. நகத்தை வெட்டிப் போட்டதுபோல, அவ்வளவு மெலிசு.

அத்தா குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிட்டர் பக்கத்தில் போய் அவர் காதருகே, எனக்கும் கேட்கிற மாதிரி கிசுகிசுத்தார்.

"மலைக்கு வலது பக்கம் பாய். ஒரு பனை உயரம். கொம்பு ரெண்டும் மேல பாத்துகினு கீது, படகு மாதிரி. ஒண்ணே ஒண்ணுதான் பாய். ஒண்ணுதான் சொல்லணும்."

கேள்விக்கான பதில் அத்தனையும் அதில் இருந்தது. சொன்னால் போதும்.

அத்தா வில்லையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தலையைத் தோள் பக்கம் மெல்லச் சாய்த்தார். நிமிர்த்தினார். அடுத்த தோளுக்குச் சாய்த்தார். யாரும் சொல்லாமலே செய்தார்.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?" என்றார், குனிந்தபடியே.

பிட்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கண்ணாடிய நீ தேய்க்கவே இல்ல. இல்ல?"

"கண்ணாடியில ஒண்ணும் இல்ல பாய்" என்றார் பிட்டர். அவ்வளவு பெரிய உருவம் சின்னப் பிள்ளைபோலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அதற்குள் முத்தவல்லி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அத்தாவைத்தான் முதலில் கூப்பிட்டார். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தா நடந்து போனார். பாறையின் சரிவில் கால் வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் காலால் தடவிப் பார்த்தது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"பிறை பாத்தியாப்பா?" என்றார் முத்தவல்லி.

"பாக்கலீங்க" என்றார் அத்தா.

பெரியவர் குழம்பிப்போனார். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. இவங்க எல்லாம் பாத்திருக்காங்க."

"எங்க கீது, கொம்பு எந்தப் பக்கம்னு எல்லாம் தெரியும். பக்கத்துல நிக்கிறவரு சொல்லிக் கேட்டேன். காதால கேட்டது சாட்சி ஆவாதுங்க. என் கண்ணுல ஒண்ணும் நம்பற மாதிரி இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "போன வருசமும் நீங்க என்னைய எடுத்துக்காததுதான் சரி."

முத்தவல்லி இந்தத் தடவை தோளைத் தட்டவில்லை. அத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார், டீக்கடை பாயைக் கூப்பிட்டார். அவர்கள் இருவருடைய சாட்சிதான் அந்த வருடம் எங்கள் ஊருக்குப் பெருநாளைக் கொண்டுவந்தது. எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட நன்றாகப் பிறையைப் பார்த்தவர் பிட்டர். முஸ்லிம் அல்லாத அவர் பார்த்தது அந்தக் கணக்கில் சேராது. அவர் குழாயைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, பஸ் நிறுத்தம் பக்கம் இறங்கிப் போனார். அத்தா கூப்பிடவில்லை. அந்தக் குழாயை அதன்பின் நான் பார்க்கவே இல்லை.

வேன் அருகே வந்ததும் அத்தா சாவியை மாமாவிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு மச்சான்."

"நானா? எனக்கு கியர் ஒழுங்கா வுழாதே..."

"வுழும். ஓட்டு."

அத்தா அந்த வேனில் இடதுபக்கம் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நடுவில், என்ஜின் பெட்டியின்மேல் இடம். அது சுடச்சுட இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி இருட்டிவிட்டது. எதிரே ஒரு வெளிச்சம் வந்தது. அத்தா முன்கண்ணாடிப் பக்கம் சாய்ந்தார்.

"கண்ணு, அங்க வர்றது எத்தினி லைட்டு?"

"ஒண்ணு அத்தா. பைக்கு."

"ஒண்ணா?"

பைக் கடந்து போனது. அடுத்தது ஒரு பஸ். "ரெண்டு அத்தா." அடுத்தது மாட்டுவண்டி, அச்சில் தொங்கிய ஒரு லாந்தர். "ஒண்ணு." அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, தனக்கு எத்தனை தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டி நெருங்கும்போதும் அவருடைய வலது கால் தகரத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. மாமா கியரை முறைப்படி போடாமல் அது கத்தும்போதெல்லாம் வேறு நாளாக இருந்தால் பின்னால் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்குள் நுழையும் இடத்தில், ஏரிக்கரை முனையில், எப்போதும்போல ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. வேனைக் கண்டதும் பையன்கள் ஓடிவந்து வலதுபக்கக் கதவைத் தட்டினார்கள். "பாய், பாத்தியா? பாய், பாத்தியா?" உள்ளே மாமா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குழம்பி நின்றார்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தாவைப் பார்த்தார்.

அத்தா என் தலைக்கு மேலாக அந்தப் பக்கம் எட்டி, சத்தமாகச் சொன்னார்.

"உங்க மாமா பாத்துட்டாருடா. நாளைக்குப் பெருநாள். ஓடிப் போயி வூட்ல சொல்லுங்க."